165-ஆ, 185-ஆ? ஒரே வண்டியில் இரண்டு அகல டயர்களையும் தேயத் தேய ஓட்டிய அனுபவம்

எங்கள் வண்டி 2014 மாடல் மாருதி ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனியிலிருந்து இந்த மாடலுக்கு வரும் டயர் 165/80 ஆர்14. முதல் ஓனர் அதே இரும்பு ரிம்மில் 185/70 ஆர்14 போட்டு வைத்திருந்தார். அதை ஓட்ட வேண்டிய அளவுக்கு ஓட்டித் தீர்த்துவிட்டு, மாற்றும்போது திரும்ப 165-க்கே வந்தேன். இப்போது அந்த 165-ம் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. ஒரே வண்டி, ஒரே ரிம், மதுரையைச் சுற்றி அதே ரோடுகள், ஓட்டுவதும் நான் ஒருவன்தான் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறது. மழைக்கு 165 தான் என் ஓட்டு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் டயர் கடையில் பாதிப் பேச்சு இதைத் தெரியாமல்தான் நடக்கிறது. 165/80 என்றால் அகலம் 165 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. 185/70-ல் அந்த உயரம் 129.5 மி.மீ. ஆர்14 என்பது 14 இஞ்ச் ரிம், அதையும் மேலும் கீழும் உள்ள பக்கச் சுவர்களையும் சேர்த்தால் தரையிலிருந்து மேல்வரை மொத்த விட்டம் முதலாவதுக்கு 619.6, இரண்டாவதுக்கு 614.6 மி.மீ. வெறும் 5 மி.மீ. வித்தியாசம். ‘அகல டயர் போட்டா குலுக்கல் குறையும்ணே’ என்று சொல்வார்கள். பக்கச் சுவர் கிட்டத்தட்ட ஒரே உயரம் எனும்போது எப்படிக் குறையும்? செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி வரைக்கும் இரண்டு டயரிலும் ஒரே குலுக்கல்தான் எனக்கு.

மைலேஜ் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 185/70 கொஞ்சம் சின்ன வட்டம் என்பதால், கம்பெனி டயரில் 100 கிலோமீட்டர் என்று காட்டும் அதே தூரத்துக்கு இது 100.8 என்று காட்டும். 185-க்குக் கிடைக்கும் அந்தச் சலுகையையும் தாண்டி 165 எனக்கு நல்ல மைலேஜ் தருகிறது, ஊருக்குள் ஓட்டும்போது அது தெளிவாகவே தெரிகிறது. கீழமாசி வீதி மாதிரி லோடு இறக்கும் வண்டிகளுக்கு நடுவில் ஒடித்து ஒடித்துத் திருப்பும் இடங்களில் ஸ்டியரிங்கும் லேசாக இருக்கிறது.

185-க்கு உள்ள நல்லதையும் சொல்லிவிட வேண்டும். காய்ந்த நான்குவழிச் சாலையில், கப்பலூர் தாண்டி விருதுநகர் பக்கம் 100-ல் போகும்போது, பக்கத்தில் பஸ் முந்தினாலும் வண்டி அசையாமல் உட்கார்ந்து போகும். திடீர் பிரேக்கிலும் வளைவிலும் பிடிப்பு கூடுதல்தான். சுமை தாங்கும் எண்ணும் 85-லிருந்து 88 ஆகிறது, அதாவது டயருக்கு 515 கிலோவுக்குப் பதில் 560 கிலோ. எப்போதும் ஐந்து பேரும் சாமானுமாக வெயிலில் ஹைவே ஓட்டுகிறவர் 185 போட்டால் நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் நமக்கு ஐப்பசி, கார்த்திகை என்று ஒன்று இருக்கிறதே. வடகிழக்குப் பருவமழையில் ரோட்டின் ஓரத் தடத்தில் தண்ணீர் தகடு மாதிரி நிற்கும், இரவில் எதிர் வண்டி வெளிச்சத்தில் அது தெரியவும் தெரியாது. 185 இருந்தபோது திருமங்கலம் பக்கம் அப்படி ஒரு தண்ணீரில் 80-ல் ஏறினேன். முதலில் அடியில் சரசரவென்ற சத்தம், அடுத்த நொடி அந்தச் சத்தமே இல்லை, ஸ்டியரிங் கையில் எடையில்லாமல் ஆகிவிட்டது, இந்தப் பக்கம் அசைத்தாலும் அந்தப் பக்கம் அசைத்தாலும் வண்டிக்குத் தெரியவில்லை. பிரேக்கைத் தொடாமல் காலை மட்டும் ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தேன், கொஞ்ச தூரத்தில் ரப்பர் மறுபடி ரோட்டைப் பிடித்தது. அன்று டயர் பாதி தேய்ந்திருந்தது, அதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் போன மழைக்காலத்தில், 165-ம் அதே அளவு தேய்ந்த நிலையில், அதே பகுதியில் அதே வேகத்தில் எப்படி இருக்கிறது என்று கவனித்தேன். சத்தம் வந்தது, ஸ்டியரிங் லேசாக இழுத்தது, ஆனால் தொடர்பு விடவே இல்லை.

காரணம் எளிதுதான். வண்டியின் எடையும் காற்றும் ஒன்றென்றால் டயர் தரையைத் தொடும் பரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். அகல டயரில் அது குறுக்கே பரந்து கிடக்கும், ஒல்லி டயரில் நீளவாக்கில் இருக்கும். 185-க்கு முன்னால் வரும் தண்ணீர் 165-ஐவிட 12 சதவீதம் அதிகம், அவ்வளவையும் பட்டன், அதாவது டயரின் மேல்பரப்பில் உள்ள ரப்பர் கட்டைகளின் இடுக்கு வழியாக வெளியே தள்ளியாக வேண்டும். காற்றும் இதில் முக்கியம். 1960களில் நாசா விமான டயர்களை வைத்துக் கண்ட கணக்குப்படி, 30 பிஎஸ்ஐ காற்றில் டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் ஏறக்குறைய 90 கி.மீ.; 24-க்கு இறங்கிவிட்டால் 80-ஐ ஒட்டி வந்துவிடும். மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்பு வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

என் சித்தி மகன் மாண்ட்ரியலில் இருக்கிறான். அங்கே கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். கோடைக்குப் போட்ட அகலத்தைவிட ஒரு அளவு ஒல்லியாக, சின்ன ரிம்மில்தான் அவன் குளிர்காலத்துக்குப் போடுகிறான். அரைகுறையாக உருகிய பனியை ஒல்லி டயர் வெட்டிக்கொண்டு கீழே தரையைத் தொடும், அகலமானது அதன்மேல் ஏறி மிதக்கும். நம்ம ஊர்த் தண்ணீருக்கும் அதே நியாயம்தான். அதற்காகக் குளிர்கால டயரே நமக்கு வேண்டுமா என்றால் வேண்டாம். அந்த ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயும் இறுகிவிடாமல் இருக்கச் செய்தது, நம்ம சித்திரை வெயிலில் சீக்கிரம் கரைந்துபோகும், பிரேக்கும் தள்ளிப் பிடிக்கும். கொடைக்கானலில் மார்கழி, தையில் புல்லில் உறைபனி வெளுத்துக் கிடக்கும் என்றாலும் ரோட்டில் பனி குவிவதில்லை. சில டயர்களில் எம்+எஸ் (மட் அண்ட் ஸ்னோ, அதாவது சேறும் பனியும்) என்று போட்டிருப்பார்கள். அது தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளும் குறி. மலையும் பனிப்படிகமும் சேர்ந்த படம் இருந்தால்தான் பனியில் சோதித்தது.

வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறும் மலைப்பாதையில் வேகமே 30, 40 தான், அங்கே மிதக்கும் பேச்சுக்கு இடமில்லை. மழையில் மண்ணும் இலையும் அடித்து வந்து கிடக்கும் கொண்டை ஊசி வளைவில் அகலத்தைவிட ரப்பரின் வயதுதான் பேசும். டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், 3216 என்றால் 2016-ன் 32வது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப் போயிருக்கும். பட்டன் இடுக்கில் இருக்கும் சின்ன மேடு 1.6 மி.மீ. உயரம், ரப்பர் அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. நான் மழைக்காலத்துக்கு முன்பு அவ்வளவு தூரம் விட மாட்டேன்.

டயர் மாற்றப் போனபோது பழங்காநத்தம் பக்கம் ஒரு கடையில், “195 போட்ருங்கண்ணே, வண்டி கெத்தா இருக்கும்” என்றார்கள். இந்த இரும்பு ரிம்மின் அகலம் 5 இஞ்ச். 185 அதில் உட்காரும், 195/70-க்கு அது கடைசி எல்லை. அலாய் 5.5 இஞ்ச் இருந்தால் கதை வேறு.

அடுத்து இரண்டு டயர் மட்டும் மாற்றப் போகிறேன். புதுசை முன்னால் போடத்தான் கடையில் கை போகும், இன்ஜின் இழுப்பது முன்னால் என்பதால். நான் பின்னால் போடச் சொல்வேன். தண்ணீரில் முன் டயர் வழுக்கினால் காலை எடுத்ததும் வண்டி அடங்கும், பின் டயர் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும்.