4,200 ரூபாய்க்கு ஓர் உடைந்த கிட்டார்

பார்சலைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது, உறையின் மேல் விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு இருந்த கிழிசல்தான். இரண்டு தட்டுள்ள கனமான எல்பியை மெல்லிய அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பினால் கிழியத்தான் செய்யும். விற்றவருக்கு போன் செய்தேன். "தட்டு நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார். நல்லாத்தான் இருந்தது. அந்த வழக்கை அதோடு மூடிவிட்டேன்.

வாங்கியது தி கிளாஷ் என்ற ஆங்கிலேய பங்க் ராக் குழுவின் 'லண்டன் காலிங்'. 1979 டிசம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்த இரட்டை எல்பியின் மறுபதிப்பு. விலை 4,200 ரூபாய். நான் மதுரையில் 26 வருடமாக மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். இந்தத் தொகை எனக்கு இரண்டு கல்யாண ரிசப்ஷன் சம்பளம். அதனால் கொஞ்சம் கறாராகத்தான் எழுதுவேன்.

இந்தக் குழுவிடம் நான் வந்து சேர்ந்ததே சுற்றுவழியில். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் எம்.ஐ.ஏ.வின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டு வரும். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறு வயதைக் கழித்து, மறுபடி லண்டனுக்கே அகதியாகப் போன மாயா அருள்பிரகாசம்தான் எம்.ஐ.ஏ. அந்தப் பாட்டுக்கு அடியில் ஒரு கிட்டார் சுழன்று சுழன்று வருமே, அது யாருடையது என்று தேடினேன். கிளாஷ் 1982-ல் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டிலிருந்து எடுத்தது. அமெரிக்க வீரர்கள் வியட்நாமில் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளையும், பிழைக்கப் போன இடத்தில் விரட்டப்படுகிறவர்களையும் பற்றிய பாட்டு. மாயா சரியான இடத்தில்தான் கைவைத்திருக்கிறார். எனக்குத்தான் குழப்பம். பங்க் என்றால் முடியை முள்ளாக நிமிர்த்திக்கொண்டு மூன்று கார்டில் கத்துவது என்றல்லவா நினைத்திருந்தேன்? இதில் கத்தலே இல்லையே!

அந்தக் குழப்பத்துக்கு விடை இந்த இரட்டைத் தட்டில் இருக்கிறது.

குழுவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1976-ல் லண்டனில் சேர்ந்தவர்கள். ஜோ ஸ்ட்ரம்மர் அதற்கு முன் மதுக்கடைகளில் பழைய ராக் அண்ட் ரோல் வாசித்துக்கொண்டிருந்த 101-யர்ஸ் குழுவின் பாடகர். அவருடைய அப்பா லக்னோவில் பிறந்தவர், பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை ஊழியர். ஜோ பிறந்தது துருக்கியில், அங்காராவில். கிட்டார் வாசித்த மிக் ஜோன்ஸ் பாட்டி வளர்த்த பிள்ளை, 'மாட் த ஹூப்பிள்' என்ற குழுவின் வெறிபிடித்த ரசிகர். முதல் மேடை 1976 ஜூலை 4, ஷெஃபீல்டில், செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற இன்னொரு பங்க் குழுவின் நிகழ்ச்சிக்கு முன்வாசிப்பாக. ஆறே மாதத்தில், 1977 ஜனவரியில், சிபிஎஸ் இசைத்தட்டுக் கம்பெனியோடு ஒரு லட்சம் பவுண்டு ஒப்பந்தம். பங்க் செத்தது அன்றைக்குத்தான் என்று சிலர் தலையில் அடித்துக்கொண்டார்களாம். முதல் தட்டில் டிரம்ஸ் வாசித்துவிட்டு விலகிய டெரி சைம்ஸின் பெயரை உறையில் 'டோரி கிரைம்ஸ்', அதாவது டோரி கட்சியின் குற்றங்கள், என்று போட்டுக் கேலி செய்தார்கள். அவருக்குப் பதில் வந்த டாப்பர் ஹெடன் ஜாஸ் பழகிய கை. அவர் வந்த பிறகு இந்தக் குழு எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று ஆகிவிட்டது. ஒரு குழுவுக்கு நல்ல டிரம்மர் கிடைப்பது நல்ல சம்பந்தம் அமைகிற மாதிரி.

நாலாவது ஆள்தான் என் ஆள். பேஸ் வாசித்த பால் சிமோனன். குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வாசிக்கவே தெரியாது. ஓவியம் படித்தவர். எந்த இடத்தில் எந்த ஸ்வரம் என்று கிட்டாரின் கழுத்தில் பெயின்ட்டால் எழுதிவைத்துக்கொண்டு, அமெரிக்க பங்க் குழுவான ரமோன்ஸின் முதல் எல்பியையும், ஜமைக்கா இசையான ரெக்கே தட்டுகளையும் போட்டு, கூடவே வாசித்துப் பழகினார். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1998-ல் நான் வாங்கிய முதல் பேஸில், பள்ளி நோட்டில் ஒட்டுகிற லேபிளை வெட்டி ஸ்வரம் எழுதி ஒட்டியிருந்தேன். எங்கள் கீபோர்டு அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "என்னடா, கிட்டாருக்கு டிக்‌ஷனரியா?" என்று மேடையிலேயே கேட்டார்.

சிமோனன் கொஞ்ச காலம் வளர்ந்தது தெற்கு லண்டனில் உள்ள பிரிக்ஸ்டனில். ஜமைக்காக்காரர்கள் நிறைந்த பகுதி. அவர் காதில் ஏறிய இசை ரெக்கே. அப்புறம் ராக்ஸி என்ற கிளப். அங்கே தட்டுப் போட்டுக்கொண்டிருந்த டான் லெட்ஸிடம், பங்க் தட்டுகள் இன்னும் வராத காலமானதால், ரெக்கேதான் இருந்தது. பங்க் பையன்கள் வேறு வழியில்லாமல் ரெக்கே கேட்டு வளர்ந்தார்கள். 1977-ல் வந்த கிளாஷின் முதல் தட்டிலேயே ரெக்கே பாடகர் ஜூனியர் மர்வினின் 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' இருக்கிறது. அதே வருடம் பாப் மார்லி ஒரு பாட்டில் இவர்கள் பெயரைச் சொல்லிப் பாடினார். அடித்தளம் இப்படி என்றால், 'லண்டன் காலிங்' ஏன் இப்படி ஒலிக்கிறது என்பது புரியும்.

1979 கோடையில் மேனேஜரை விட்டுப் பிரிந்து, கையில் புதுப்பாட்டு எதுவும் இல்லாமல், பிம்லிகோவில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் இருந்த 'வனில்லா' என்ற ஒத்திகைக் கூடத்தில் போய் உட்கார்ந்தார்கள். தினமும் ஒத்திகை, நடுவில் கால்பந்து, மறுபடி ஒத்திகை. பழைய பாட்டுகளை வாசித்து வாசித்துக் கை இளகியது. மெல்லிசைக் குழுக்காரனுக்கு இது நன்றாகப் புரியும். ஒரே இரவில் பக்திப் பாட்டு, குத்துப் பாட்டு, மெலடி, தத்துவம் எல்லாம் வாசித்தாக வேண்டிய பிழைப்பு இது. இந்தத் தட்டும் அப்படித்தான். 19 பாட்டில் ராக்கபில்லி உண்டு, ஸ்கா உண்டு, ரெக்கே உண்டு, ஜாஸ் வாடை உண்டு, சோல் உண்டு. பங்க் கொஞ்சமாக உண்டு.

பதிவு நடந்தது ஹைபரியில் இருந்த வெசெக்ஸ் ஸ்டுடியோவில். தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ். அறுபதுகளில் அமெரிக்கக் கறுப்பின இசையைத் தேடித்தேடி லண்டன் காதுகளில் போட்டவர், மிக் ஜோன்ஸ் உயிராக நினைத்த மாட் த ஹூப்பிளை உருவாக்கியவர், குடிகாரர். வாசித்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியைத் தூக்கி வீசுவாராம், ஏணியைச் சுழற்றுவாராம், ஸ்ட்ரம்மர் வாசித்துக்கொண்டிருந்த பியானோவுக்குள் மதுவை ஊற்றினாராம். இதையெல்லாம் தாங்கிக்கொண்டு ஒலியை ஒழுங்காகப் பிடித்தவர் பொறியாளர் பில் பிரைஸ். பாதி நன்றி அவருக்குத்தான் போக வேண்டும்.

'பிராண்ட் நியூ கேடிலாக்', 1959-ல் வின்ஸ் டெய்லர் பாடிய பழைய பாட்டு. முதல் வாசிப்பிலேயே எடுத்தார்கள். முடித்ததும், தாளம் ஓடிவிட்டது, மறுபடி எடுக்கலாம் என்று ஹெடன் சொல்ல, ராக் அண்ட் ரோல் என்றால் வேகம் ஏறத்தான் செய்யும் என்று ஸ்டீவன்ஸ் அதையே வைத்துக்கொண்டாராம். எங்கள் ஊரில் தாளம் ஓடினால் இடைவேளையில் டீ கிடைக்காது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு, காலால் தாளம் போட்டபடி கேட்டேன். ஆமாம், கடைசியில் கால் கொஞ்சம் அவசரப்படுகிறது. அந்த அவசரம்தான் பாட்டு.

தலைப்புப் பாட்டு இ மைனரில் பூட்ஸ் சத்தம் மாதிரி தொடங்குகிறது. 'திஸ் இஸ் லண்டன் காலிங்' என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிபிசி வெளிநாட்டு ஒலிபரப்பில் சொல்லிவந்த வாசகம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் என் அப்பா சிற்றலையைத் திருகித் திருகி, இரைச்சலுக்கு நடுவே லண்டன் பிபிசியின் தமிழோசையைப் பிடிப்பார். அந்த இரைச்சல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாட்டின் கடைசி சில நொடிகள் வேறு மாதிரிக் கேட்கும். மிக் ஜோன்ஸின் கிட்டார் மோர்ஸ் குறியீட்டில் ஆபத்துச் செய்தியைத் தட்டி அடங்குகிறது. பாட்டில் வரும் அணு விபத்து, 1979 மார்ச்சில் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் நடந்தது. வெள்ள பயமும் கற்பனை அல்ல, தேம்ஸ் நதிக்குத் தடுப்பணை அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இனி, நான் காசு கொடுத்ததற்கான காரணம். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு, 'தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்'. எழுதியதும் பாடியதும் சிமோனன், அவருடைய முதல் பாட்டு. பாட்டு எழுதுகிறவர்களுக்குத்தான் காசு வருகிறது என்று கண்டுகொண்டு எழுத உட்கார்ந்தாராம். ராக் பாட்டுகளில் பேஸ் பெரும்பாலும் கிட்டாருக்கு நிழல். ரெக்கேயில் தலைகீழ். கிட்டார் எதிரடியில் "சக், சக்" என்று தொட்டுவிட்டுப் போகும், பாட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது பேஸ். இதிலும் அப்படித்தான். ஒரே ஒரு பேஸ் வரி, கடைசி வரை அதேதான். ஆனால் அவர் எங்கே விரலை எடுக்கிறார் என்று பாருங்கள். ஸ்வரத்தை நீட்டாமல் பட்டென்று உள்ளங்கையால் அமுக்குகிறார். அந்த வெற்றிடத்தில் நமக்கு நெஞ்சு அடிக்கிறது. நான் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்வரங்கள் பத்து நிமிடத்தில் வந்துவிட்டன, அந்த நிறுத்தம் இன்னும் வரவில்லை. குரல் பாடகர் குரல் அல்ல, போலீஸ் கதவை உடைக்க வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிற குரல்.

'தி கார்டு சீட்' பாட்டில் ஒவ்வொரு வாத்தியத்தையும் இரண்டு முறை பதிவுசெய்து அடுக்கியிருக்கிறார்கள், அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் பழைய பாணி. பெரிய கோயில் மண்டபத்துக்குள் நின்று கேட்பது மாதிரி இருக்கிறது. 'லாஸ்ட் இன் த சூப்பர்மார்க்கெட்' ஸ்ட்ரம்மர், மிக்கின் சின்ன வயதைக் கற்பனை செய்து எழுதி, மிக்கையே பாடவைத்த பாட்டு. நண்பனுக்கு இதைவிட நல்ல பரிசு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

குறைகளும் உண்டு. நாலாம் பக்கம் தொங்குகிறது. 'லவர்ஸ் ராக்' வரும்போது நான் எழுந்து காபி போடப் போய்விடுவேன். ஸ்ட்ரம்மர் பாதி வார்த்தைகளை மென்று விழுங்குகிறார், உள்ளுறையில் வரிகளை அச்சிட்டிருப்பதால் பிழைத்தோம். ஆனால் அந்தப் பக்கத்தைக் கடைசி வரை ஓடவிடுங்கள். உறை அச்சுக்குப் போன பிறகு சேர்த்த பாட்டு ஒன்று அங்கே இருக்கிறது, 'டிரெய்ன் இன் வெய்ன்'. முதல் பதிப்பின் உறையில் அதன் பெயரே கிடையாது. தட்டின் உள்விளிம்பில் கீறிவைத்திருந்தார்களாம். ஒளித்துவைத்த அந்தப் பாட்டுதான் அமெரிக்காவில் இவர்களுடைய முதல் ஹிட்.

அட்டைப்படம். 1979 செப்டம்பர், நியூயார்க் பல்லேடியம். கூட்டத்தை எழுந்து ஆடவிடாமல் காவலர்கள் இருக்கையில் அமுக்கிவைத்த கடுப்பில் சிமோனன் தன் பேஸைத் தரையில் அடிக்கிற நொடி. எடுத்த பென்னி ஸ்மித், படம் ஃபோகஸ் இல்லை, போட வேண்டாம் என்றார். ஸ்ட்ரம்மரும் வடிவமைத்த ரே லோரியும் கேட்கவில்லை. இளஞ்சிவப்பும் பச்சையுமான எழுத்து, 1956-ல் வந்த எல்விஸின் முதல் எல்பி உறையைப் பார்த்துப் போட்டது. எல்லோரும் கொண்டாடுகிற படம். எனக்குப் பார்க்கவே வயிறு எரிகிறது. ஃபெண்டர் கம்பெனியின் பிரெசிஷன் பேஸ் ஐயா அது! கையில் இருந்த மாற்று பேஸை உடைத்திருக்கலாம், இதுதான் நன்றாக ஒலித்தது என்று அவரே பின்னாளில் வருத்தப்பட்டார். உடைந்த துண்டுகள் இன்று லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

மறுபதிப்பின் தரம்: தட்டு தட்டையாக இருக்கிறது, நடுத்துளை சரியாக இருக்கிறது. மூன்றாம் பக்கத்தின் தொடக்கத்தில் பொரி பொரிவது போல் சத்தம் வந்தது, ஈரத்துணியால் துடைத்ததும் பாதி போனது. பேஸ் உருண்டையாக, வீங்காமல் வருகிறது. என் போனில் இருக்கும் பதிவில் அது வெறும் "டும்" தான்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. இரட்டைத் தட்டு வேண்டாம் என்றது சிபிஎஸ். சரி, கூட ஓர் இலவச 12 அங்குல சிங்கிள் மட்டும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, அதையே ஒன்பது பாட்டாக நீட்டி முழுத்தட்டாக்கி, ஒற்றைத் தட்டு விலையான 5 பவுண்டுக்கு விற்க வைத்தார்கள். அடுத்த வருடம் 36 பாட்டோடு வந்த மூன்று தட்டு 'சாண்டினிஸ்டா'வை மலிவாக விற்க, பிரிட்டனில் முதல் இரண்டு லட்சம் பிரதிக்கான ராயல்டியையே விட்டுக்கொடுத்தார்கள். அப்படிப்பட்டவர்களின் தட்டுக்கு நான் 4,200 கொடுத்திருக்கிறேன். ஸ்ட்ரம்மர் 2002 டிசம்பரில், 50 வயதில், யாருக்கும் தெரியாமல் பிறவியிலிருந்தே இருந்த இதயக் கோளாறால் போய்விட்டார். இருந்திருந்தால் யாரையாவது திட்டியிருப்பார். குழு அதற்கு வெகு முன்பே, 1982-ல் ஹெடனையும் 1983-ல் மிக்கையும் வெளியே அனுப்பி, 1986-ல் கலைந்துவிட்டது.

சுத்தமான பங்க் இரைச்சல்தான் வேண்டும் என்பவர்கள் 1977-ல் வந்த முதல் தட்டை வாங்குங்கள். பேஸ் வாசிக்கிறவர்கள் இதை வாங்குங்கள், கூடவே ஒரு பிளாஸ்டிக் உறையும்.

போன வாரம் மேலூர் பக்கம் ஒரு திருவிழாக் கச்சேரி. சவுண்ட் செக்கில் மைக்காரர் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, சும்மா அந்த பிரிக்ஸ்டன் வரியை வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் டிரம்மர் பையன், 22 வயது, தானாகவே தாளம் பிடித்துச் சேர்ந்துகொண்டான். இரண்டு நிமிடம் போனது. நிறுத்தியதும் குச்சியைக் காட்டிக் கேட்டான்: "சூப்பரா இருக்குண்ணே. எந்தப் படம்?"