முருங்கை: தடி நடுவதா, விதை போடுவதா?

இந்த ஐப்பசியில் கிணற்றடியில் விதை போட்டு வளர்த்த இரண்டு செடிமுருங்கையையும் தறித்துவிட்டு, சாவகச்சேரியிலிருந்து கொண்டுவந்த நாலடித் தடியொன்றை அங்கே நட்டேன். யாழ்ப்பாணத்தில் சின்ன வளவு உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வி எப்படியும் வரும்.

கெதியாகக் காய் வேண்டுமென்றால் பி.கே.எம்.1 என்ற செடிமுருங்கைதான். தமிழ்நாட்டின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட ரகம். விதைத்து ஆறு மாதத்துக்குள் காய் பறிக்கலாம். மரம் ஒன்றுக்கு வருஷத்தில் 200 காய்க்கு மேல் என்பது கணக்கு. சாணி எரு மட்டும் போட்ட எனக்கு அதில் பாதிதான் வந்தது. சந்தைக்குச் செய்கிறவர்களுக்கு அதுவே சரியாக இருக்கலாம். நான் விற்றுப் பார்த்ததில்லை, வீட்டுக் கறியை வைத்துத்தான் சொல்கிறேன்.

என் மனதை மாற்றியது மறுநடவு. செடிமுருங்கையைக் காய்த்து முடிந்ததும் மூன்றடியில் வெட்டிவிட வேண்டும். வெட்டி வெட்டி வளர்த்தாலும் மூன்று நாலு வருஷத்தில் காய் விழுந்துவிடும், திரும்ப விதைக்க வேண்டும். நான் என் மரத்து நெற்றிலிருந்தே விதை எடுத்தேன். ஒன்று குட்டைக்காய், மற்றது கசப்பு. தறித்தது அந்த இரண்டையும்தான். கருவண்டுக்கு வேலி தெரியாது. பக்கத்து வளவு மகரந்தமும் பூவில் கலந்துவிடும். அப்படி வந்த விதையில் தாய்மரத்தின் குணம் நிற்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் விதை வாங்க வேண்டும்.

தடியில் அந்தக் கவலை இல்லை. கொப்பு எந்த மரத்ததோ, முளைப்பதும் அதே மரம். நான் கொண்டுவந்தது அம்மம்மா வீட்டு மரத்தின் கொப்பு. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் அந்த வீட்டுக்குக் கூரை மிஞ்சவில்லை. திரும்பிப் போனபோது முறிந்த அடிமரம் தழைத்து நின்றது. அதே நீளக்காய், அதே சதை. அம்மம்மா நண்டுக்கறிக்குள் போட்ட அதே இலை.

குறையும் உண்டு. தடியில் வந்த மரத்துக்கு ஆணிவேர் இல்லை, பெருங்காற்றுக்குச் சாயும். வீட்டுக் கூரைப் பக்கம் நட வேண்டாம். உயர்ந்துவிட்டால் காய் பறிக்கக் கொக்கத்தடி வேண்டும். மயிர்க்கொட்டிப் புழு இரண்டிலும் வரும்.

நடும்போது மேல்நுனியில் சாணி அப்பினேன், ஓரடி ஆழத்தில் தாழ்த்தினேன், மழைத்தண்ணீர் தேங்காத மேட்டில் வைத்தேன். இப்போது நாலு இடத்தில் தளிர் விட்டிருக்கிறது. வறைக்கென்று ஒரு இணுக்கும் ஒடிக்க நான் இன்னும் விடவில்லை.