கன மீட்டரைக் கற்றுக்கொடுத்தவர்களே கன மீட்டரில் கை வைத்தார்கள்: ரூ. 18,500 போனது

ரூ. 18,500 போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுகிற ஆள் நான். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், ரெடிமிக்ஸ் கான்கிரீட் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். எப்படி அளந்து வாங்குவது என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. கைப்பேசிச் செயலியில் முன்பதிவு வாங்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கும் கலவை ஆலையிலிருந்து லாரியில் அனுப்புகிற வகை. அது போதும்.

எங்கள் வீட்டு மேல்தளம் 1,080 சதுர அடி. கனம் ஐந்து அங்குலம். மேஸ்திரி ஒரு சிமெண்ட் பையின் பின்புறத்திலேயே கணக்குப் போட்டார்: தளத்துக்கு 450 கன அடி, பீம்களுக்கு 75, ஆக 525 கன அடி. அவருக்கு எல்லாமே கன அடிதான். மணலோ ஜல்லியோ என்றால் யூனிட், அதாவது 100 கன அடி. மெட்ரிக் அளவுகளுக்கு 1956-லேயே நாட்டில் சட்டம் வந்துவிட்டது. வீடு கட்டும் இடத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் ரெடிமிக்ஸ்காரர்கள் கன மீட்டரில்தான் விற்கிறார்கள். விலை, வரியோடு சேர்த்து ஒரு கன மீட்டர் ரூ. 6,200.

நான் என்ன செய்தேன்? ஒரு மீட்டர் என்றால் மூன்று அடி. மூன்று மூன்று ஒன்பது, ஒன்பது மூன்று இருபத்தேழு. ஆக ஒரு கன மீட்டர் 27 கன அடி என்று வைத்துக்கொண்டேன். 525-ஐ 27-ஆல் வகுத்து, செயலியில் 19.5 கன மீட்டர் என்று பதிந்தேன்.

மறுநாள் காலை அவர்களுடைய விற்பனைப் பிரதிநிதி நேரிலேயே வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். பணிவான ஆள், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, பூசாத தரையில் வெறுங்காலோடு நடந்து வந்தார். "சார், உங்களுக்கு 19.5 தேவையே இல்லை. கணக்கில் எங்கோ தவறு இருக்கிறது" என்றார். செங்கல் அடுக்கின் மேல் டேப்பை நீட்டிக் காட்டினார். மீட்டர் என்பது மூன்று அடியோடு நிற்பதில்லை. மூன்று அடி மூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. "ஒரு பக்கத்தில் மூன்றரை அங்குலம் பெரிதில்லை சார். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அது ஏறும்போது 27 அல்ல, 35.3 கன அடி ஆகிவிடும்" என்றார். பக்கத்து வீட்டு மாடியில் நின்ற 1,000 லிட்டர் கறுப்புத் தொட்டியைக் காட்டி, "அதில் பிடிக்கிற தண்ணீர்தான் சார் ஒரு கன மீட்டர். இப்படி 15 தொட்டி கான்கிரீட் உங்களுக்குப் போதும்" என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. இதை எழுதும்போதும் எரிச்சலூட்டுவது அதுதான். 525-ஐ 35.3-ஆல் வகுத்தால் 15-க்குச் சற்றுக் குறைவாகத்தான் வருகிறது. நாலரை கன மீட்டர் குறைந்ததில் ரூ. 27,900 மிச்சம். தன் வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொள்கிற ஒருவரை யார்தான் சந்தேகப்படுவார்கள்? என் மனைவி அவருக்குக் காப்பி கொடுத்தாள். நான் 15 கன மீட்டருக்கு முழுப் பணம் ரூ. 93,000-ஐயும் அங்கேயே, அவர் எதிரிலேயே அனுப்பினேன்.

நேற்று முன்தினம் கான்கிரீட் போட்டோம். லாரிக்கு 5 கன மீட்டர் வீதம் மூன்று லாரிகள். முதல் லாரி வந்து நின்றபோது என் மைத்துனர், "மாமா, சாலை முனையில் எடை மேடை இருக்கிறது. ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிடலாமே" என்றார். நான்தான் தடுத்தேன். "நமக்கு 27,900 மிச்சப்படுத்திக் கொடுத்தவர்கள், இவர்களைப் போய் எடை போடுவதா?" என்று கேட்டேன். அந்த வாக்கியத்தை அவர் இந்த இரண்டு நாளில் நான்கு தடவை எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டார்.

மதியம் ஒரு மணிக்கு மூன்றாவது லாரியின் உருளை காலியானது. வடமேற்கு மூலையில் ஒரு படுக்கையறை அளவுக்கு, ஏறக்குறைய 190 சதுர அடி, வெறும் கம்பியாக நின்றது. கான்கிரீட்டை அதிர வைத்து அமுக்குகிற வைப்ரேட்டர் ஓய்ந்தது. மட்டப்பலகையோடு நின்ற ஆட்கள் என்னைப் பார்த்தார்கள், நான் மேஸ்திரியைப் பார்த்தேன். "சார், என் கணக்கு தப்பாது" என்று மட்டும் சொன்னார்.

பிரதிநிதிக்குப் போன் செய்தேன். மணி அடித்து நின்றது. வாடிக்கையாளர் சேவையில் ஒரு பெண், "உங்கள் ஆர்டர் முழுமையாக வழங்கப்பட்டுவிட்டதாகக் காட்டுகிறது சார்" என்றார். காட்டுகிறதாம்! வெயில் கொளுத்துகிறது, போட்ட கான்கிரீட்டின் விளிம்பு இறுகிக்கொண்டிருக்கிறது. வேறு வழியில்லாமல் அவர்களிடமே இன்னொரு 2.5 கன மீட்டர் கேட்டேன். அதற்கு ரூ. 15,500, சிறிய லோடு என்பதால் கூடுதல் கட்டணம் ரூ. 3,000. ஆக மொத்தம் ரூ. 18,500. பணம் ஏறிய பிறகுதான் லாரி கிளம்பும் என்றார்கள். அனுப்பினேன். வந்து சேரும்போது மணி நாலரை. மேஸ்திரி இறுகிய விளிம்பைக் கொத்தி, சிமெண்ட் பால் ஊற்றி, அதன் மேல் புதியதைச் சேர்த்தார். ஒரே தளமாக இருக்க வேண்டியது ஒட்டுப்போட்ட தளமாகிவிட்டது.

மாலையில் ஆலை மேலாளர் கிடைத்தார். முதல் பதில்: "பம்ப் குழாயில் தங்கியிருக்கும் சார்." ஐந்து அங்குலக் குழாய், நூறடி நீளம். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் குழாய் முழுவதும் நிரம்பி நின்றாலும் 0.4 கன மீட்டரைத் தாண்டாது. மீதி எங்கே?

இரண்டாவது பதில்: "வைப்ரேட்டர் போட்டால் கான்கிரீட் அமுங்கும் சார்." அமுங்கட்டும். ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தர ஆவணம் ஐ.எஸ். 4926, விற்கும் அளவே நன்றாக அமுக்கப்பட்ட புதிய கான்கிரீட்டின் கன மீட்டர்தான் என்கிறது. அமுங்கிய பிறகு 15 இருக்க வேண்டும்.

மூன்றாவது பதிலுக்குத்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. "உலர்ந்த கன அளவு வேறு, நனைந்த கன அளவு வேறு, 1.54 என்று ஒரு கணக்கு இருக்கிறது, உங்களுக்குப் புரியாது" என்றார். அந்த 1.54, வீடு கட்டும் இடத்திலேயே கலவை போடுகிறவர்கள் சிமெண்டும் மணலும் ஜல்லியும் எவ்வளவு வாங்க வேண்டும் என்று பார்ப்பதற்கான பெருக்கல் எண். கலந்து வந்த கான்கிரீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் சொன்னபடி வகுத்தால் எனக்கு 9.7 கன மீட்டர்தான் வந்திருக்க வேண்டும். அதற்கு மேலேயே கொடுத்ததற்கு நான் போய் சால்வை போர்த்த வேண்டும்!

இரவு டெலிவரி சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மூன்றில் ஒன்றோடு மட்டும், தெரிந்தோ தெரியாமலோ, பேட்ச் தாளையும் பின் குத்தி அனுப்பியிருந்தார்கள். சிமெண்ட், எம் சாண்ட், இரண்டு வகை ஜல்லி, தண்ணீர் எல்லாம் எத்தனை கிலோ என்று அதில் அச்சாகியிருந்தது. கூட்டினேன்: 10,090 கிலோ. ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2,400 கிலோ இருக்கும். வகுத்தால் 4.2. ஐந்து என்று சீட்டு எழுதிய லாரியில் வந்தது 4.2 கன மீட்டர்! மூன்று லாரிக்கும் இதே கதை என்றால் 2.4 கன மீட்டர் குறைவு. மூலையில் விட்டுப்போன இடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. அந்தப் பிரதிநிதி காட்டினாரே கறுப்புத் தொட்டி, அதில் ஏறக்குறைய இரண்டரைத் தொட்டி.

தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். "அச்சுப் பிழையாக இருக்கலாம், தொழில்நுட்பக் குழு பார்க்கும்" என்று பதில் வந்தது. இன்று காலை புகார் எண்ணைத் தேடினால் "தீர்க்கப்பட்டது" என்றிருக்கிறது. பிரதிநிதி ஒரே ஒரு செய்தி போட்டார்: "சார், நான் விற்பனைப் பிரிவு மட்டும்தான்."

ரூ. 18,500. தளத்தைத் தாங்க முட்டும் பலகையும் அடிக்கிற சென்ட்ரிங் ஆட்களின் ஒரு வாரக் கூலிக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது.

விரிவாகச் சொல்கிறேன் என்று எழுதினேன், பொறுமை இல்லை. சுருக்கமாக: லாரியை நிரம்பியபடி ஒரு தடவை, காலியான பிறகு ஒரு தடவை எடை மேடையில் ஏற்றுங்கள். வித்தியாசத்தை 2,400-ஆல் வகுங்கள்; 5 கன மீட்டருக்கு 12 டன் வர வேண்டும். பேட்ச் தாள் இல்லாத லாரியைப் பம்ப்பில் சேர்க்க விடாதீர்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். எடையளவு மோசடிக்குத் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு இருக்கிறது, நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நான் இரண்டிலும் புகார் கொடுக்கப் போகிறேன்.

மேஸ்திரி கூப்பிடுகிறார். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம்; அந்த மூலையில் மட்டும் மற்ற இடத்தைவிட வேகமாக வற்றுகிறது என்கிறார். வெயிலா, ஒட்டா என்று சென்ட்ரிங் பிரிக்கும்வரை தெரியாது.