வயிற்றழுத்தம் பார்க்க: ஸ்கேனா, யூரின் டியூபா?

எங்கள் அவசரப் பிரிவில் வயிற்றுக்குள் அழுத்தம் பார்ப்பதற்கு ஒரே நடைமுறையை எழுதி வைக்கும் வேலை என்னிடம் வந்தது. இளம் டாக்டர்கள் எல்லோரும் அல்ட்ராசவுண்ட் பக்கம். ப்ரோப் பக்கத்திலேயே இருக்கிறது, புதிதாகக் குழாய் எதுவும் செருக வேண்டாம், சில நிமிடத்தில் முடிந்துவிடும் என்றார்கள். நான் எழுதி வைத்தது பழைய சிறுநீர்ப்பை முறையை, அதாவது யூரின் டியூப் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் உள்ள அழுத்தத்தை அளந்து அதையே வயிற்றழுத்தமாக எடுத்துக்கொள்வதை.

கையால் அமுக்கிப் பார்ப்பது போட்டியிலேயே இல்லை. பழகிய கையும் உயர்ந்த அழுத்தத்தை அடிக்கடி தவறவிடும்.

தேவைப்படும் எண்கள் கொஞ்சம். தீவிர நோயாளிக்கு 5 முதல் 7 மி.மீ. பாதரசம் இயல்பு. 12-ஐத் தொட்டு அங்கேயே நின்றால் உயர் அழுத்தம். 20-ஐத் தாண்டி, கூடவே சிறுநீரகமோ நுரையீரலோ புதிதாகத் தடுமாறினால் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம், அதாவது அழுத்தமே உறுப்புகளைச் செயலிழக்க வைக்கும் நிலை. அப்போது வயிற்றைத் திறக்கலாமா என்பது வரை பேச்சு போகும். அதாவது சில மில்லிமீட்டர் வித்தியாசத்தில் மருத்துவமே மாறுகிறது.

ஸ்கேன் அந்த எண்ணைத் தருவதில்லை. ஜாடைதான் காட்டும். ஐ.வி.சி. (உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய சிரை) நசுங்கியிருக்கிறதா, சிறுநீரகத் தமனியில் டாப்ளர் எதிர்ப்புக் குறியீடு (ரத்த ஓட்டத்துக்கு உள்ள தடையைக் காட்டும் எண்) 0.7-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்து ஊகிக்க வேண்டும். ஐ.வி.சி. விஷயம்தான் எனக்குப் பெரிய தயக்கம். உடலில் நீர் குறைந்தாலும் அது சப்பையாகத் தெரியும். வயிற்றழுத்தம் ஏறினாலும் சப்பையாகத் தெரியும். முதலாவதற்கு சலைன் ஏற்ற வேண்டும். இரண்டாவதற்கு சலைனை அள்ளி ஊற்றினால் குடல் இன்னும் வீங்கி அழுத்தம் மேலும் ஏறும். கணைய அழற்சியிலும் தீக்காயத்திலும் இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம். இன்னொன்று, எந்த நோயாளிக்கு அழுத்தம் அதிகமோ அவருக்குத்தான் குடல் நிறையக் காற்று, படமே தெரியாது. சிறுநீரக டாப்ளரில் என் கைப்பழக்கம் குறைவு, அதனால் அதைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ரத்தக் கொதிப்பு, நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அந்தக் குறியீடு ஏற்கெனவே உயர்ந்திருக்கும்.

சரி, இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். என் முடிவைத் தீர்மானித்தது வேறு: திரும்பத் திரும்ப அளப்பது. வயிற்றழுத்தத்தை ஒரு தடவை பார்த்துப் பயனில்லை. ஆபத்தில் இருப்பவருக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு 14, பத்து மணிக்கு 17, இரவு இரண்டு மணிக்கு 21 என்று போனால் சர்ஜனை எழுப்ப அந்த மூன்று எண்களே போதும். இரண்டு மணிக்கு ட்யூட்டியில் இருப்பது நைட் ஷிப்ட் சிஸ்டர். யூரின் டியூப் முறையை அவரே செய்வார். காலையில் வேறொருவர் செய்தாலும், செய்முறை ஒன்றாக இருந்தால் சார்ட்டில் உள்ள எண்களை ஒப்பிடலாம். "ஐ.வி.சி. கொஞ்சம் சிறுத்த மாதிரி இருக்கிறது" என்று மாலை டாக்டர் எழுதியதை இரவு டாக்டர் எதோடு ஒப்பிடுவார்?

செய்முறை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை நாங்கள் அழுத்திச் சொல்வதுண்டு. ஆளை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டு 25 மி.லி.க்கு மேற்படாமல் சலைன் விட்டு, அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். இடுப்பு எலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில், நடு அக்குள் கோட்டில் பூஜ்யம் வைத்து, மூச்சு விட்டு முடியும் நேரத்தில் படிக்க வேண்டும். தலைப்பக்கம் உயர்ந்திருந்தால் எண் கூடும். டிரான்ஸ்டியூசர் (அழுத்தத்தை மானிட்டரில் எண்ணாகக் காட்டும் கருவி) இல்லாவிட்டால் சிவிபி ஸ்கேல் (சிரை அழுத்தம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் அளவுகோல்) போதும், ஆனால் அது செ.மீ. தண்ணீரில் காட்டும், 1.36-ஆல் வகுக்க வேண்டும். 27 என்று தெரிவது உண்மையில் 20-தான். வகுக்காமல் எழுதினால் நோயாளி காகிதத்திலேயே உயர் அழுத்தத்தின் மிக மோசமான நான்காம் நிலைக்குப் போய்விடுவார். மூச்சோடு சேர்ந்து தண்ணீர் மட்டம் ஏறி இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். அசையாமல் நின்றால் குழாய் அடைத்திருக்கிறது.

இந்த முறைக்கும் வலுவான குறை உண்டு. அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் விழித்திருப்பவர்கள். வலியில் வயிற்றை இறுக்கினால் எண் பொய் சொல்லும். வலி மருந்து கொடுத்து அடங்கிய பிறகே அளக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து சிறுநீர்த் துவாரத்தில் ரத்தம் இருந்தால் குழாயே போடக் கூடாது. இடுப்புக்குள் ரத்தம் கட்டிப் பையை அழுத்தினாலும் அந்த எண்ணை நம்ப முடியாது. அங்கே ஸ்கேன்தான் கதி.

அழுத்தம் ஏன் ஏறியது என்ற கேள்வியில் ஸ்கேனுக்கு ஈடு கிடையாது. வயிற்றில் திரவமா, இரைப்பை நிரம்பியிருக்கிறதா, குடல் அசைகிறதா என்று உடனே காட்டும். கல்லீரல் சுருக்க நோயில் நீர் கோத்திருந்தால் ஊசி போட்டு அதை எடுக்கும் இடத்தையும் அதுவே காட்டும். டெங்குவிலும் நீர் சேரும், ஆனால் ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்த நிலையில் ஊசி போட்டு நீர் எடுக்க அவசரப்பட மாட்டேன். ஆகவே எங்கள் தாளில் ஸ்கேனும் இருக்கிறது. எண் 12-ஐத் தொட்ட பிறகு காரணம் தேட. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தால், பதிவு செய்த இடத்தைவிட்டு மெஷினை நினைத்தபடி நகர்த்தவும் முடியாது. பல கட்டடங்களாகச் சிதறிய மருத்துவமனைகளில் இது சின்ன விஷயமல்ல.

மேலே சொன்னதெல்லாம் பெரியவர்களுக்கு. குழந்தைகளுக்கு 10-ஐத் தாண்டினாலே உயர் அழுத்தம். சலைன் கிலோவுக்கு 1 மி.லி. கணக்கு. அவர்களிடம் நான் அளந்தது மிகக் குறைவு என்பதால் அந்தப் பக்கத்தை எழுதாமல் குழந்தைகள் பிரிவுக்கு விட்டுவிட்டேன்.