கடல்தேள் மான்ஸ்டர் பேக்: இடுக்கி அபாரம், வால்தான் இடிக்கிறது

பகடை உருட்டிக் கதையாக ஆடும் மேசை விளையாட்டுகளில் கதை கடலுக்குள் போனால் கிராக்கன் என்ற கடல் பூதம், சுறா, ராட்சத நண்டு என்று அதே முகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அதனால் யூரிப்டெரிட் எனப்படும் தொல்காலக் கடல்தேள்களுக்கென்றே ஒரு மான்ஸ்டர் பேக், அதாவது எதிரி உயிரினத் தொகுப்பு, கண்ணில் பட்டதும் வாங்கிவிட்டேன். அந்த வகை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 5ஆம் பதிப்புக்கு எழுதியது. ஒரு பிடிஎஃப் கையேடு, உயிரினத்தின் பலம், தாக்குதல் எண்களைச் சொல்லும் ஸ்டாட் பிளாக் கார்டுகள், 3டி பிரிண்ட் எடுக்க ஒரு மினியேச்சர் ஃபைல். அவ்வளவுதான்.

எழுதியவர் அந்த உயிரினத்தைப் பற்றி நன்றாகப் படித்திருக்கிறார். பெரிய வகைக்கு ஜெய்கெலோப்டெரஸை எடுத்திருக்கிறார். ஜெர்மனியில் கிடைத்த அதன் இடுக்கி ஒன்று மட்டுமே 46 சென்டிமீட்டர். அதை வைத்து உடல் சுமார் இரண்டரை மீட்டர் இருந்திருக்கும் என்று 2007இல் கணக்கிட்டார்கள். ஆளை விழுங்கும் பூதமாக ஊதிப் பெருக்காமல் அதே அளவில் விட்டதுதான் இந்த பேக்கின் பெரிய பலம்.

முக்கியத் தாக்குதல் இடுக்கி. பட்டால் கிராப்பிள், அதாவது பிடியில் சிக்குவது, அடுத்த சுற்றில் ஆழத்துக்கு இழுப்பு. இங்கே 5ஆம் பதிப்பின் தண்ணீர் விதிகள் அழகாகக் கைகொடுக்கின்றன. நீச்சல் வேகம் இல்லாதவர் நீருக்குள் நீளவாள் வீசினால் டிஸ்அட்வான்டேஜ்: பகடையை இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுக்க வேண்டும். குத்துவாள், ஈட்டி மாதிரி சில ஆயுதங்களுக்கு மட்டும் விலக்கு. முழுக்க மூழ்கியிருப்பதால் நெருப்பும் பாதிதான் சுடும். எங்கள் குழுவின் ஃபைட்டர் (போர்வீரர் பாத்திரம்) பெரிய வாளைக் கைவிட்டு இடுப்பில் மறந்து கிடந்த குத்துவாளை உருவிய அந்தச் சுற்றில் யாரும் போனைப் பார்க்கவில்லை.

சட்டை உரிக்கும் பகுதியை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார், அதற்காகவே காசு கொடுக்கலாம். நமக்குக் கிடைக்கும் கடல்தேள் புதைபடிவங்களில் நிறைய, அவை உரித்துப் போட்ட சட்டைகள்தான். அதையே துப்பாக மாற்றியிருக்கிறார்: கழிமுகச் சேற்றில் முதலில் ஒரு வெற்று ஓடு மட்டும் கிடைக்கும். ஓடு எவ்வளவு புதுசு என்று நேச்சர் செக் (இயற்கை அறிவைச் சோதிக்கும் பகடை உருட்டல்) போட்டுப் பார்க்கலாம். புதுசு என்றால் மிருகம் பக்கத்திலேயே எங்கோ மெத்தென்ற உடம்போடு பதுங்கியிருக்கிறது, அடி படாமல் காக்கும் எண்ணான ஆர்மர் கிளாஸும் இறங்கியிருக்கும். இப்போதே போய்த் தாக்குவதா, பாவம் என்று விடுவதா? எங்கள் ட்ரூயிட் (இயற்கையைக் காக்கும் மந்திரவாதி பாத்திரம்) விடவே விடாமல் வாதாடினார்.

கரையேறிவிட்டால் தப்பித்தோம் என்றும் நினைக்க முடியாது. ஹிபர்ட்டோப்டெரஸ் என்ற இன்னொரு வகை நிலத்தில் உடலை இழுத்து இழுத்து நடந்த தடம் ஸ்காட்லாந்துப் பாறையில் பதிந்திருக்கிறது. பேக்கிலும் அந்த வகைக்குக் குறைந்த நடை வேகம் உண்டு.

சரி, வால். இவ்வளவு கவனமாக எழுதியவர் இதில் மட்டும் சறுக்கிவிட்டார். விளையாட்டில் ஏற்கெனவே உள்ள ராட்சதத் தேளின் கொடுக்கை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்: 10 முகப் பகடை நாலு உருட்டும் விஷம், அதை உடல் தாங்குகிறதா என்று உருட்டும் கான்ஸ்டிட்யூஷன் சேவ் எல்லாம் சேர்த்து. கடல்தேள்களுக்கு விஷம் இருந்ததற்குச் சான்றே இல்லை. ஜெய்கெலோப்டெரஸின் வால் நுனியோ தட்டையானது. உண்மை ஒருபுறம் இருக்கட்டும், விளையாட்டாகவும் இது கெடுக்கிறது: விஷம் வந்ததும் எல்லாரும் ஹிட் பாயிண்டை (மிச்சமிருக்கும் உயிர்ப் புள்ளிகளை) எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள், இழுத்துப் போகும் பயம் காணாமல் போகிறது. நான் விஷத்தை வெட்டிவிட்டு, வாலைச் சுக்கான் போலத் திருப்பி எதிர்த்தாக்குதல் வாங்காமல் நழுவும் திறனாக மாற்றிக்கொண்டேன். சண்டை உடனே நிமிர்ந்தது.

மினியேச்சரில் கண்களும் முதுகு வளையங்களும் பிரமாதம். ஆனால் துடுப்புக் கால்கள் உடலோடு சேரும் இடம் ரொம்ப மெல்லிசு, பிரிண்ட் ஆகும்போது தாங்கிப் பிடிக்கும் சப்போர்ட்டை எடுக்கும்போதே ஒன்று முறிந்துவிட்டது. பிரிண்ட் போடுவதற்கு முன் அந்த இணைப்பைக் கொஞ்சம் தடிமனாக்கிக்கொள்ளுங்கள்.