ஹெட்டைக் கழற்றாமலே ஹெட் வேலைக்கு பில்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி பக்கம் பழைய ஆடி, பிஎம்டபிள்யூ, போர்ஷே என்று வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள். ஐரோப்பிய கார்களுக்கு ஸ்பெஷலிஸ்ட் என்று பெரிய போர்டு வைத்திருக்கும் ஒரு இடத்தில், திறக்கவே திறக்காத இன்ஜினுக்கு என்னிடம் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் வாங்கினார்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயரைச் சொல்லமாட்டேன், இன்பாக்ஸில் வந்து கேட்காதீர்கள். எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி 2012 மாடல் ஆடி டிடி. 2.0 டிஎஃப்எஸ்ஐ டர்போ பெட்ரோல் இன்ஜின், 211 குதிரைத்திறன், குவாட்ரோ (நான்கு சக்கரத்துக்கும் இழுவிசை), ஆறு கியர் எஸ்-டிரானிக் (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). பெங்களூரில் ஒருவரிடம் வாங்கி, என்ஓசி எடுத்து, இங்கே வரி கட்டி, கேஏ நம்பரை டிஎன் 24 ஆக மாற்றியது தனிக் கதை, அதை இன்னொரு நாள் புலம்பிக்கொள்கிறேன். இந்த இன்ஜினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தகராறு உண்டு, ஆயில் குடிக்கும் பழக்கமும் உண்டு என்று தெரிந்துதான், இரண்டையும் பார்த்துவிட்டு வாங்கினேன்.

மே மாத வெயிலில் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓரம்கட்டி, நன்றாக ஆறவிட்டுப் பார்த்தால் டேங்கில் அளவு 'மினிமம்' கோட்டுக்குக் கீழே. டெம்பரேச்சர் முள் மட்டும் 90-ல் ஆணி அடித்த மாதிரி நின்றது. இந்த வண்டிகளில் அந்த முள்ளை நம்பாதீர்கள், கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் 90-ஐயே காட்டும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். ஊற்றிக்கொண்டு மெதுவாக ஓட்டிவந்து, பக்கத்தில் இருக்கிறதே என்று அந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

ஒரு பையன் ஸ்கேனரைச் செருகினான். ஓனர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கட் போயிருச்சு சார், இந்த வண்டிக்கு இது சகஜம். இப்படியே ஓட்டுனீங்கன்னா இன்ஜினே காலி" என்றார். ஹெட் என்பது இன்ஜினின் மேல்பாகம், அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல்தான் ஹெட் கேஸ்கட். பிரஷர் டெஸ்ட் செய்தீர்களா என்று கேட்டேன். ஸ்கேனரிலேயே தெரிகிறதாம். ஹெட் கேஸ்கட் போனதை நேராகச் சொல்லும் ஸ்கேனர் எதுவும் கிடையாது. மிஸ்ஃபயர் (சிலிண்டர் சரியாக எரியவில்லை) என்று காட்டலாம், சூடு அதிகம் என்று காட்டலாம், அவ்வளவுதான். கேஸ்கட்டா இல்லையா என்று தெரிய வேறு வழிகள் இருக்கின்றன. கூலன்ட் டேங்க் மூடிக்குப் பதில் கைப்பம்பை மாட்டிக் காற்றழுத்தம் கொடுத்தால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியும். டேங்க் வாயில் நீல திரவம் உள்ள குழாயை வைத்தால், சிலிண்டர் வாயு கூலன்டில் கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். அதைச் செய்து காட்டச் சொன்னேன். மறுநாள் வாட்ஸப்பில் மஞ்சள் திரவம் உள்ள குழாயின் போட்டோ வந்தது. அது என் வண்டியா, யார் வண்டியா, போட்டோவில் தெரியவில்லை. எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கினேன், ஓடோமீட்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டேன், கழற்றும் பழைய பாகங்கள் எல்லாம் எனக்கு வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதவைத்தேன்.

சில நாள் கழித்து, "ஹெட்டை கோயம்புத்தூருக்கு ஃபேசிங் போட அனுப்பியிருக்கோம் சார்" என்று போன். ஃபேசிங் என்றால் ஹெட்டின் அடிப்பரப்பை மெஷினில் சீவிச் சமமாக்குவது. கூடவே மேசைமேல் வைத்த ஒரு சிலிண்டர் ஹெட்டின் போட்டோ.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறேன், ஃபாஸ்டேக் மெசேஜ் வருகிறது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியை என் வண்டி கடந்திருக்கிறது. ஹெட் கோயம்புத்தூரில், வண்டி சுங்கச்சாவடியில்! உடனே போன் போட்டேன். "பசங்க டேகை வேற வண்டில மாத்தி வெச்சிருப்பாங்க சார், நான் கேக்குறேன்." கண்ணாடியில் ஒட்டிய டேகை உரித்தால் கிழிந்துவிடும் என்றேன். லைன் கட்டாகிவிட்டது. மறுநாள் நேரில் போனால், "டெஸ்ட் டிரைவ் சார், வேலை முடிஞ்சுருச்சு, உங்களுக்கு சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருந்தோம்" என்கிறார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். ஓடோமீட்டரில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கூடியிருந்தது. டெஸ்ட் டிரைவுக்கு ஏலகிரி வரை போய்விட்டு வந்தார்களோ என்னவோ.

பணம் கட்டினால்தான் சாவி என்றார்கள். வண்டி அவர்கள் கையில் இருக்கும்போது சண்டை போட்டால் இன்னும் என்னென்ன கழன்று போகுமோ என்று, பில்லின் இரண்டு பிரதியிலும் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரொக்கமாக வேண்டும் என்று அவர்கள் கேட்டதை மறுத்து வங்கி வழியாகக் கட்டினேன். பழைய கேஸ்கட் எங்கே என்றதற்கு, குப்பையில் போய்விட்டதாம்.

இனி அந்த பில். சிலிண்டர் ஹெட் ஓவர்ஹால், கேஸ்கட் செட், ஃபேசிங், லேபர். ஒரு பாகத்துக்கும் பார்ட் நம்பர் இல்லை. ஹெட் போல்ட் என்று ஒரு வரிகூட இல்லை. இந்த இன்ஜினில் ஹெட் போல்ட்டுகளை இறுக்கும்போது அவை கொஞ்சம் நீண்டுவிடும், ஒருமுறை கழற்றினால் திரும்பப் போடக்கூடாது, புது செட்தான் போடவேண்டும். இன்ஜின் ஆயிலும் பில்லில் இல்லை. ஹெட்டைத் தூக்கினால் கூலன்ட் ஆயிலுக்குள் சிந்தாமல் இருக்காது, ஆயிலை மாற்றாமல் யாரும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யமாட்டார்கள். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன், நான் விட்டுவிட்டுப் போன அதே கறுப்பு ஆயில். நான் கேட்காத ஒரு வேலையும் இருந்தது: கியர்பாக்ஸ் சர்வீஸ், ஏடிஎஃப் (சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) 3 லிட்டர். எஸ்-டிரானிக்கில் சாதாரண ஏடிஎஃப் ஊற்றவே கூடாது, அதற்கென்று தனி டிஎஸ்ஜி ஆயில், மாற்றும்போது ஐந்து லிட்டருக்கு மேல் பிடிக்கும், ஃபில்டரும் மாற்றவேண்டும், ஆயில் சூடு 35-லிருந்து 45 டிகிரிக்குள் இருக்கும்போது ஸ்கேனரில் பார்த்துத்தான் அளவைச் சரிசெய்யவேண்டும். நல்லவேளை, அதையும் அவர்கள் செய்யவில்லை. பில்லில் மட்டும்தான் ஊற்றியிருக்கிறார்கள்.

அந்த வாரமே கூலன்ட் மறுபடி இறங்கியது. இந்த முறை ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றி (குவாட்ரோவை இரண்டு சக்கரத்தில் தூக்கி இழுக்க விடாதீர்கள்) பெங்களூரில் இந்த வண்டிகளையே பார்க்கும் ஒரு பெரியவரிடம் அனுப்பினேன். அவர் முதலில் பேசவே இல்லை, கைப்பம்பை மாட்டி அழுத்தம் கொடுத்துவிட்டு டார்ச்சை என் கையில் கொடுத்தார். இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் ஹவுசிங், அதன் விளிம்பில் காய்ந்த உப்பு மாதிரி இளஞ்சிவப்புப் படிவு, அங்கிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. இந்த இன்ஜினில் ஊரறிந்த நோய் அது. நீல திரவ டெஸ்ட்டையும் என் கண்முன் செய்தார், நீலமாகவே இருந்தது. டர்போ நட்டுகளில் பழைய துரு அப்படியே இருக்கிறது, கம்பெனியில் போட்ட சீலன்ட் கோடு கலையவில்லை, இந்த ஹெட்டை யாரும் தொட்டதே இல்லை என்றார். வாட்ஸப் போட்டோவைக் காட்டியதும் சிரித்துவிட்டார். "இது டீசல் ஹெட் சார்."

டேங்கில் இருந்ததை வடித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஆடிக்குரிய கூலன்டோடு ஏதோ பச்சைக் கூலன்டும் வெறும் தண்ணீரும் கலந்து சேறு மாதிரி வந்தது. நம் இரண்டு மாவட்டத்து போர் தண்ணீர் லட்சணம் தெரியும்தானே, ஃபுளூரைடு தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்த ஊர் இது, அந்தத் தண்ணீரை அலுமினிய இன்ஜினுக்குள் ஊற்றியிருக்கிறார்கள். முழுவதும் ஃபிளஷ் செய்து, ஜி13 கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றி, புது பம்ப், தெர்மோஸ்டாட், பம்ப்பை ஓட்டும் சின்ன பெல்ட், லேபர் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குள் முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் பார்ட் நம்பர் போட்ட பில், பழைய பம்ப் ஒரு அட்டைப்பெட்டியில்.

அவர் பார்த்ததை லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தார், நட்டுகளை நெருக்கமாகப் படம் எடுத்துக்கொண்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிடவேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்தேன், அதற்கு ஒர்க்‌ஷாப்பிலிருந்து பதிலே வரவில்லை. வக்கீல் நோட்டீஸ் போனபிறகுதான் ஓனர் கூப்பிட்டு, பாதிப் பணம் தருகிறேன், பதிவு கிதிவு போடாதீர்கள் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டெஸ்ட் டிரைவ், வேற வண்டிக்கு மாறிய டேக், டீசல் ஹெட் போட்டோ, இதில் ஏதாவது உங்களுக்கும் நடந்திருந்தால் பில்லை எடுத்து ஹெட் போல்ட் வரி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள். வக்கீல் இன்னும் இரண்டு பில் கிடைத்தால் நல்லது என்கிறார்.