நோட்பேட்++: தமிழ்க் கோப்புகளுக்கு நல்ல துணை, பழைய பதிப்பு மட்டும் வேண்டாம்

விண்டோஸில் தமிழ் உரை, சப்டைட்டில், எச்டிஎம்எல் கோப்புகளைத் திருத்த நோட்பேட்++ அருமையான இலவசச் செயலி. சட்டெனத் திறக்கும். கோப்பு எந்த என்கோடிங்கில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) இருக்கிறது என்பதைக் கீழ்ப்பட்டையிலேயே காட்டும். 'கன்வர்ட் டு யூடிஎஃப்-8' கொடுத்தால் பழைய யூடிஎஃப்-16 என்கோடிங் கோப்பும் எழுத்து சிதையாமல் மாறிவிடும்.

2023-இல் வெளிப்பட்ட பெரிய பாதுகாப்பு ஓட்டை (பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2023-40031) இந்த என்கோடிங் வேலையில்தான் இருந்தது. யூடிஎஃப்-16 கோப்பைத் திறக்கும்போது நோட்பேட்++ அதை உள்ளுக்குள் யூடிஎஃப்-8 ஆக்குகிறது. நம் 'க' முன்னதில் 2 பைட், பின்னதில் 3 பைட். இதற்கு மேல் பெருகாது என்பதால் 2-க்கு 3 என்று கணக்கிட்டு நினைவகத்தில் பஃபர் (தற்காலிக இடம்) ஒதுக்கினார்கள். உள்ளே வருவது இரட்டைப்படை நீளமாக இருக்கும்வரை கணக்கு சரி. 9 பைட் போல ஒற்றைப்படையில் வந்தால், மிஞ்சும் பைட்டுக்கும் ஓர் எழுத்தை எழுதப்போய் பஃபரின் எல்லை தாண்டுகிறது. பக்கத்துத் தரவு அழிகிறது. பெரும்பாலும் செயலி நின்றுபோகும். திட்டமிட்டுச் செய்த கோப்பென்றால், உங்கள் கணக்கின் உரிமையோடு வேற்று நிரலையே ஓட்டிவிட வாய்ப்புண்டு. கோப்பைத் திறந்தாலே போதும்.

கூடவே அறிவிக்கப்பட்ட 40036, 40164, 40166 எண் ஓட்டைகள் மூன்றும் எல்லை தாண்டிப் படிப்பவை மட்டுமே, ஆபத்து குறைவு. முதல் இரண்டும் என்கோடிங்கை ஊகிக்கும் யூசார்டெட் நூலகத்தில் இருந்தவை. செட்டிங்ஸ், பிரிஃபரன்சஸ், மிஸ்க் பகுதிக்குப் போய் 'ஆட்டோடிடெக்ட் கேரக்டர் என்கோடிங்' குறியை எடுத்துவிடுங்கள். சிறிய தமிழ்க் கோப்பை வேறு என்கோடிங் என்று தப்பாக ஊகிக்கும் தொல்லையும் குறையும்.

பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கிட்ஹப் செக்யூரிட்டி லேப் குழு இவற்றை ஏப்ரலிலேயே தெரிவித்தும் ஆகஸ்டில் வந்த 8.5.6-இல் திருத்தம் இல்லை; செப்டம்பரில் 8.5.7-இல்தான் அடைத்தார்கள். கோடிக்கணக்கானோர் நம்பும் செயலிக்கு இந்தத் தாமதம் அதிகம்.

எஃப்1 அழுத்தினால் உங்கள் பதிப்பு எண் தெரியும். 8.8.9-க்கு முந்தையது என்றால் மெனுவிலுள்ள அப்டேட்டை நம்பாமல் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து நேரே இறக்கி நிறுவுங்கள். அப்டேட் தானே இறக்கிய கோப்பின் டிஜிட்டல் கையொப்பத்தையும் சான்றிதழையும் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் நிறுத்திவிடும் ஏற்பாடு அந்தப் பதிப்பில்தான் சேர்ந்தது. பென்டிரைவில் ஜிப்பைப் பிரித்துவைத்த பிரதி தனி. கணினியில் புதியதை நிறுவினாலும் அது பழையதாகவே இருக்கும், அதையும் மாற்றுங்கள்.